தொப்பிக்குள் கை

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் ஒரு விளையாட்டு இருந்தது. இருவர் தத்தம் பொருளை மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். மூன்றாமவர் ஒருவர் இரண்டையும் பார்த்து, மதிப்புக் குறைந்த பொருளோடு எவ்வளவு பணம் சேர்த்தால் ஈடாகும் என்று தீர்ப்பளிப்பார். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பார்கள். வெளியே வந்த கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவர்கள் பதில். சாமுவேல் பீப்ஸ் 1660 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 'தொப்பிக்குள் கை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் சுருங்கியே 'ஹாண்டிகேப்' ஆயிற்று. உடற்குறையைச் சுட்டும் பொருள் அச்சொல்லுக்கு வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தது.

சொல் மதுக்கூடத்திலிருந்து குதிரைப் பந்தயத்துக்குச் சென்றது. வலிய குதிரையின் மேல் கூடுதல் எடையை ஏற்றி, எளிய குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பைத் தந்தார்கள். 1855 இல் அப்பணிக்கு அமர்த்தப்பட்ட அட்மிரல் ரூஸ் தன் கண்ணையும் அனுபவத்தையும் நம்பி எடைகளை நிர்ணயித்தார். அங்கும் ஒரு மூன்றாம் மனிதர் தேவைப்பட்டார்.

அந்த மூன்றாம் மனிதரை நீக்கிவிட்டுக் கணக்கை அவரிடத்தில் உட்கார வைத்தவை அமெரிக்காவின் பௌலிங் லீகுகள். நான் சொல்வது கிரிக்கெட் பந்துவீச்சு அல்ல. மரத்தளத்தில் கனத்த பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் ஆட்டம். ஒரு ஆட்டத்தின் உச்ச எண்ணிக்கை 300. வாரம் ஒருமுறை கூடும் தொழிலாளர்களும் அலுவலர்களும் ஒரே அணியில் ஆடுகையில், நேற்று வந்தவரையும் இருபதாண்டு ஆடியவரையும் எப்படி ஒப்பிடுவது?

லீகுகள் கண்ட வழி எளியது. ஓர் அடிப்படை எண்ணை, உதாரணமாக 220 ஐ, வைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஆட்டக்காரரின் சராசரியைக் கழித்து, மிச்சத்தில் 90 சதவீதத்தை அவருக்கு இனாமாகத் தருவார்கள். சராசரி 150 உள்ளவருக்கு 63; 200 உள்ளவருக்கு 18. ஓரிரவு முதலாமவர் 165, இரண்டாமவர் 205 எடுத்தால், கூட்டுத்தொகை 228 க்கு 223. வென்றவர் முதலாமவர். அவர் தன் வழக்கத்தைவிட 15 கூடுதலாகச் சாய்த்தார். மற்றவர் 5 மட்டுமே. நூறு சதவீதம் தராமல் பத்தைப் பிடித்துக்கொண்டதில் திறமைக்கும் ஒரு மரியாதை எஞ்சுகிறது. இங்கே நடுவர் என்று ஒருவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவருடைய கடந்த காலமே நடுவர். வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சராசரியைத் தாழ்த்திக்கொள்பவரை லீகுகள் வெறுப்பது இதனால்தான். அவர் திருத்துவது தன் சொந்த வரலாற்றை.

இவ்வளவு நுணுக்கமாக நீதி பார்த்த ஆட்டத்தின் வாசலில் வேறொரு விதி நின்றது. 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் தோன்றிய அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ், நாடெங்கும் ஆட்ட விதிகளை ஒழுங்குபடுத்தியது. அதுவே 1916 இல் உறுப்பினராக வெள்ளை ஆண்கள் மட்டுமே சேரலாம் என்று எழுதிக்கொண்டது. அதே ஆண்டு பெண்கள் செயின்ட் லூயிஸில் தமக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கினர். கறுப்பின ஆட்டக்காரர்கள் 1939 இல் டெட்ராய்ட்டில் தங்கள் தேசியச் சங்கத்தை நிறுவினர்.

மைதானத்துக்குள் விடவில்லை என்பதோடு இந்த இழப்பு முடியவில்லை. ஹாண்டிகேப்புக்கு ஆதாரம் சராசரி. சராசரிக்கு ஆதாரம் அங்கீகரிக்கப்பட்ட பதிவேடு. அதில் பெயர் இல்லாதவர் அந்தக் காங்கிரஸின் கணக்கில் திறமைசாலியும் அல்லர், திறமை குறைந்தவரும் அல்லர். ஒப்பிடவே முடியாதவர். அவர் 300 எடுத்தாலும் அதன் ஏட்டில் அது நிகழவில்லை.

மோட்டார்த் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. அப்போது மினியாபொலிஸ் மேயராக இருந்து, பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியான ஹூபர்ட் ஹம்ஃப்ரியும், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரின் அமைப்பும் துணைநின்றனர். வழக்குகள் வந்தன. 1950 இல் இல்லினாய் நீதிமன்றம் ஒன்று காங்கிரஸுக்கு 2,500 டாலர் அபராதம் விதித்தது. அவ்வாண்டே அந்த விதி நீக்கப்பட்டது. ஆண், பெண் அமைப்புகள் 2005 இல் ஒன்றாக இணைந்தன.

தொப்பிக்குள் கைவிட்ட அந்தப் பழைய ஆட்டத்தில் ஈட்டுத்தொகையை முடிவு செய்தவர் நடுவர்தான். ஆனால் அதை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லும் உரிமை இருவருக்கும் சமமாக இருந்தது. லீகின் கணக்கு அந்த நடுவரைவிட நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. 34 ஆண்டுகள் அதற்குக் குறையாக இருந்தது ஒன்றுதான்: தொப்பியை எல்லோரிடமும் நீட்டவில்லை.