அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்கள்

ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் முதலில் வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. 916இல் இறந்த, கால்வே பகுதியின் குறுநில மன்னன் டிகர்நாக் ஓ கிளேரியின் பெயரை இதற்கு மிகப் பழைய சான்றாகக் காட்டுவது வழக்கம். கேலிக் மொழியில் ‘மாக்’ மகனையும் ‘ஓ’ பேரனையும் அவன் வழிவந்தோரையும் குறிக்கும். 1014இல் குளோன்டார்ஃப் போரில் மாண்ட பிரையன் போருவின் வழியினர் ஓ பிரையன் ஆனார்கள். ஓ வீட்டுப் பெண்ணுக்கு ‘நீ’, மாக் வீட்டுப் பெண்ணுக்கு ‘நிக்’. ‘மாக்’ என்று விரித்தெழுதினால் ஸ்காட்லாந்துக்காரர், சுருக்கினால் அயர்லாந்துக்காரர் என்பது வெறும் கதை, இரண்டும் ஒன்றே.

1169இல் வந்திறங்கிய நார்மானியர் ‘ஃபிட்ஸ்’ என்ற முன்னொட்டைக் கொண்டுவந்தனர். அதுவும் மகனைத்தான் குறிக்கும். ஃபிட்ஸ்ஜெரால்டு அவ்வாறு வந்த பெயர். ஃபிட்ஸ்பேட்ரிக் மட்டும் நார்மானிய வேடமிட்ட பழைய ஐரியப் பெயர்.

1465இல் இயற்றப்பட்ட சட்டம், டப்ளினைச் சுற்றிய ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஐரியர் ஆங்கிலப் பெயரே சூட வேண்டும் என்றது. ஊர்ப் பெயர், நிறம், தொழில், பதவி என எதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் ஆங்கில ஆட்சி நாடு முழுவதும் இறுகியபோது ஓவும் மாக்கும் பரவலாக உதிர்ந்தன. கொல்லன் மகன் என்று பொருள்படும் மக்கவன், கவான் கவுண்டியில் பெரும்பாலும் ஸ்மித் ஆகிவிட்டது. அயர்லாந்தில் அதிகம் வழங்கும் குடும்பப் பெயர்களைப் பற்றி ராபர்ட் மாத்சன் 1894இல் வெளியிட்ட அறிக்கையில் மர்ஃபி, கெல்லி, சல்லிவன், வால்ஷ் ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாம் இடத்தில் ஸ்மித் நிற்பதன் பின்னணி இதில் பெரிதும் அடங்கியிருக்கிறது. கேலிக் மறுமலர்ச்சிக் காலத்தில் பலர் ‘ஓ’வைத் திரும்பச் சூடிக்கொண்டனர்.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் குடியமர்த்திய நார்மானியரிடமிருந்து புரூஸ் போன்ற பெயர்கள் வந்தன. அரண்மனைக் காரியத்தரின் பதவிப் பெயரே ஸ்டூவர்ட். மேட்டுநிலத்தில் நிலைமை வேறு. குலத்தலைவனின் நிலத்தில் குடியிருந்தவன், இரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவன் பெயரை ஏற்பதுண்டு.

மக்கிரெகர் குலத்தின் வரலாறு இதற்கு மறுபுறம். கிளென் ஃப்ரூயின் மோதலில் கல்குன் குலத்தாரைக் கொன்றதற்காக, 1603 ஏப்ரலில் அரசவை அந்தப் பெயரையே ஒழித்தது. பெயரைச் சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. கேம்பெல், டிரம்மண்ட், மர்ரி என்று கிடைத்த பெயரில் ஒளிந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பெல் என்று கையெழுத்திட்டார். இடையில் 1661இல் நீங்கி 1693இல் மீண்டும் விதிக்கப்பட்ட தடை, 1774இல்தான் முற்றாக விலகியது. ஆகவே இன்றைய கேம்பெல் ஒருவரின் முன்னோர் மக்கிரெகராக இருக்கக்கூடும். பெயரை மட்டும் நம்பி வம்சாவளி வரைவது ஆபத்து.

அச்சகமும் தன் பங்குக்குப் பெயர்களை மாற்றியது. தென்னிந்தியச் சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவில் பிறந்தவர். அவர் குடும்பப் பெயரில் முன்பு ‘ய’கர ஒலியே இருந்தது. அதற்குரிய ‘யோக்’ என்ற பழைய எழுத்து அச்சுக்கோப்போரிடம் இல்லாததால், வடிவில் ஒத்த ‘இஸட்’டை வைத்தார்கள், உச்சரிப்பும் அதன் பின்னே போனது.

மூலம் தேடுவோருக்கு ஸ்காட்லாந்தில் 1553 முதல் திருச்சபைப் பதிவேடுகளும் 1855 முதல் அரசுப் பதிவும் உண்டு. அயர்லாந்தில் முழுமையான அரசுப் பதிவு 1864இல் தொடங்கியது. 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக்காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அதனால் 19ஆம் நூற்றாண்டு நடுவில் எடுக்கப்பட்ட கிரிஃபித் நில மதிப்பீட்டையே பலரும் நாடுகின்றனர். அதில் நிலத்தை வைத்திருந்தவர் பெயர்தான் இருக்கும். மனைவி மக்களின் பெயருக்குத் திருச்சபைப் பதிவேட்டையே புரட்ட வேண்டும்.