999 வருஷப் பத்திரம் பிறந்த கதை

ஆடிச் சனிக்கிழமையில் குச்சனூர் சனீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்கள் சுரபி நதியில் முழுகிவிட்டுத்தான் கோயிலுக்குள் போகிறார்கள். அந்த ஊர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை. அதை இங்கே கொண்டுவந்தது முல்லைப் பெரியாறு அணை என்போம். அணைக்கு முன்னால் பிறந்தது ஒரு பத்திரம்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை 18-ஆம் நூற்றாண்டிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்பருக்கு வந்தது. பணமில்லை. அதோடு, ஆறு இன்னொரு ராஜ்யமான திருவாங்கூரில் ஓடியது. தாது வருஷப் பஞ்சம் ஊரைச் சுடுகாடாக்கிய பிறகுதான் சென்னை அரசாங்கம் வேகம் காட்டியது. இழுபறியாகக் கிடந்த பேச்சு 1886 அக்டோபர் 29-இல் முடிந்தது. திருவாங்கூர் திவான் ராமய்யங்காரும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 ஆண்டுக் குத்தகை. தகராறு வந்தால் மத்தியஸ்தர்களிடம் போக வேண்டும் என்று ஒரு ஷரத்து.

அதற்குப் பிறகுதான் பொறியாளர் பென்னி குயிக் அணை வேலையைத் தொடங்கினார். 1895-இல் தண்ணீர் வந்தது. இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தண்ணீர் நாளைக்கும் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே ஒருவன் கடன் வாங்கி நடவு போடுவான்!

அதே பத்திரம் தொழில் வளர்ச்சிக்குக் குறுக்கேயும் நின்றது. அந்த நீரில் மின்சாரம் எடுக்கச் சென்னை ஆசைப்பட்டபோது, குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று திருவாங்கூருக்காக சர் சி.பி. ராமசாமி அய்யர் வாதாடினார். நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941 மே 12-இல் திருவாங்கூர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். சாம்ராஜ்யம் ஒரு சமஸ்தானத்திடம் தோற்றது. ஷரத்துக்கு அவ்வளவு மதிப்பிருந்தது. லோயர் கேம்பில் முதல் மின்னாக்கி சுழன்றது 1958-இல்தான். இன்றும் தேக்கடியிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் நீர் கரண்டைக் கொடுத்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறது. 1970-இல் கேரளத்தோடு துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின: ஏக்கருக்கு 30 ரூபாய், மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம், மீன்பிடி உரிமை கேரளத்துக்கு.

நாடுகளின் செழிப்பை அமைப்புகளும் விதிகளும் எப்படித் தீர்மானிக்கின்றன என்ற ஆய்வுக்கு 2024-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கே நல்ல பாடம். ஆனால் 1886-இல் கையெழுத்திட்ட இருவரும் சமபலம் உள்ளவர்கள் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 'முடியாது' என்று சொல்ல ஒரு சமஸ்தானத்துக்கு எவ்வளவு தெம்பு இருந்திருக்கும்? இந்தப் பத்திரத்தின் மேல் கேரளத்துக்கு உள்ள மனக்குறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை லோயர் கேம்பில் பென்னி குயிக் மணிமண்டபத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் பத்திரத்தின் கதையையும், 1941 தீர்ப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.