எலியின் நுரையீரலில் ஒளிர்ந்த விடை

எதிர்நிற்கும் பகைவனை வீரன் வாளால் வெல்லலாம். கண்ணுக்குப் புலனாகாத பகைவனை எதனால் வெல்வது? 1951ஆம் ஆண்டிலே, கொரியப் போர்க்களத்தில் நின்ற ஐக்கிய நாடுகள் படையின் வைத்தியர்கள் இக்கேள்வியை எதிர்நோக்கினர்.

உடற்கட்டு வாய்ந்த போர்வீரர் திடீரெனக் கடுங்காய்ச்சலால் வீழ்ந்தனர். முகஞ் சிவந்தது, தோலின்கீழ்க் குருதி கசிந்தது, பின்னர்ச் சிறுநீரகம் தன் தொழிலை நிறுத்தியது. போர் ஓய்வதற்குள் 3,000க்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளாயினர், பலர் மாண்டனர். நோய்க் கிருமியைத் தேடி அறிஞர் பலர் உழைத்தனர். நோயாளரின் குருதியை விலங்குகளுக்கு ஏற்றியும், ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களில் இட்டும் பார்த்தனர். போர் ஓய்ந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் கிருமி அகப்படவில்லை.

வெற்றி கண்டவர் தென்கொரிய அறிஞர் ஹோ வாங் லீ. அவர் கையாண்ட முறை நுட்பமானது. ஆயினும் விளங்கிக்கொள்ள எளிதானது. ஒருவன் நோயினின்று மீண்டால், அவனது குருதி அந்நோயை மறப்பதில்லை. அக்கிருமியை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் குருதியின் தெளிநீரிலே நிலைத்திருக்கும். கிருமியை அறியோம், ஆனால் அதனை அறிந்த சாட்சி நம் கையில் உண்டு. அச்சாட்சியையே துப்பறிய அனுப்பினால் என்ன?

நோய் கண்ட ஊர்ப்புறங்களில், முதுகிலே கருங்கோடு ஓடும் வயலெலிகளைப் பிடித்தனர். அவற்றின் நுரையீரலை உறையவைத்து மெல்லிய சீவல்களாக அரிந்தனர். அவற்றின்மேல் நோயினின்று மீண்டவரின் தெளிநீரை இட்டனர். பின்னர், மனிதப் பிறபொருளெதிரியைப் பற்றவல்லதும் ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டதுமான வேறொரு பொருளை இட்டுக் கழுவினர். கிருமி இருக்குமிடத்தில் பிறபொருளெதிரி ஒட்டும். அதன்மேற் சாயம் ஒட்டும். 1976ஆம் ஆண்டிலே, புறஊதாக் கதிரில் நுணுக்குக்காட்டியின் கீழே அச்சீவல்கள் ஒளிர்ந்தன!

ஒளி கண்டது மட்டும் போதுமா? நோயின் தொடக்கத்தில் எடுத்த தெளிநீரையும், நோய் தணிந்தபின் எடுத்த தெளிநீரையும் ஒப்புநோக்க வேண்டும். பிந்தியதில் பிறபொருளெதிரி பன்மடங்கு பெருகியிருந்தால், அது பழைய தொற்றின் எச்சம் அன்று, இந்நோயின் விளைவே என்பது துணியப்படும். ஓடிய ஆற்றின் பெயரால் அவ்வைரசு 'ஹந்தான்' எனப்பட்டது. அவ்வெற்றிக்கு விலையும் உண்டு. எலிகளோடு உழைத்த ஆய்வுகூடத் தோழர் சிலரையும் அந்நோய் பற்றியது.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்மேற்கிலே நலமாயிருந்த இளைஞர் சிலர் மூச்சுத் திணறி இறந்தனர். அங்கே தாக்கப்பட்டது சிறுநீரகம் அன்று, நுரையீரல். ஆதலால் கொரிய நோயை எவரும் ஐயுறவில்லை. ஆயினும் நோயாளரின் தெளிநீரைப் பலவகைக் கிருமிகளோடு பொருத்திச் சோதித்தபோது, அது ஹந்தான் இனத்தையே இனங்கண்டது. பின்னர் இறந்தோரின் உடற்றிசுக்களிலும், அவ்வூர்ச் சுண்டெலிகளிலும் ஒரே மரபணுத் துணுக்குகள் கிடைத்தன. சில வாரங்களில் மர்மம் வெளிப்பட்டது.

இது தொலைதூரக் கதையென எண்ணற்க. 1964ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வேலூரைச் சார்ந்த தோட்டப்பாளையத்திலே ஒரு மூஞ்சூற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரசு இவ்வினத்தைச் சேர்ந்தது என்பது, பல ஆண்டுகள் கழிந்தபின்னரே புலனாயிற்று. நமது இலங்கையிலும், எலிக்காய்ச்சல் என ஐயுறப்பட்ட நோயாளர் சிலரின் குருதியிலே இவ்வினத்துக்குரிய பிறபொருளெதிரிகள் கண்டறியப்பட்டுள்ளன. இரண்டிலும் காய்ச்சல் உண்டு. இரண்டிலும் சிறுநீரகம் நலியும். ஆனால் எலிக்காய்ச்சலை உண்டாக்குவது பற்றீரியா; அதற்குப் பெனிசிலின் மருந்தாகும். வைரசை அம்மருந்து தீண்டாது. ஒரே முகத்தோடு வரும் இரு பகைவரைப் பிரித்தறிய, வைத்தியரின் கண் மட்டும் போதாது. ஆய்வுகூடத்தின் சோதனையும் வேண்டும். வயலில் வேலை செய்து காய்ச்சலோடு வரும் உழவன் தன் கையை நீட்டிச் சிறிது குருதி தருவது வீண் அன்று. அச்சிறு துளி அவனுக்கு உற்ற நோயின் பெயரைச் சொல்லும். அவனுக்குப் பின் வருவோர்க்கு வழியுங் காட்டும்.