டிரெய்லர் வீட்டின் கூரை

நாம் குடியிருக்கும் வீட்டின் கூரை நின்ற இடத்தில் நிற்பது. மோட்டார் காரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டின் கூரையோ காற்றை எதிர்த்து, குலுங்கியவாறே ஓடவேண்டியது. அதைத் தாங்கும் சட்டம் மரமாக இருத்தல் நலமா, அலுமினியமாக இருத்தல் நலமா? அமெரிக்காவில் இந்த வினாவுக்கு ஏறக்குறைய 90 வயதாகிறது.

1920-களின் இறுதியில் டெட்ராய்ட் நகரத்து நுண்ணுயிர் ஆய்வாளர் ஆர்தர் ஷெர்மன், கூடாரம் மடித்துவைத்த வண்டி ஒன்றுடன் குடும்பத்தோடு வெளியூர் சென்றார். கூடாரத்தை விரிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து திரும்பியவர், விரிக்கவே தேவையில்லாத கெட்டியான வண்டி ஒன்றைச் செய்வித்தார். அதிலிருந்து எழுந்த தொழிலுக்குக் 'கவர்ட் வாகன்', அதாவது கூண்டு வண்டி, என்று பெயரிட்டார். அக்காலத்து டிரெய்லர்களுக்கு மரச் சட்டமே இயல்பாக அமைந்தது. தச்சர் எங்கும் இருந்தனர், மரம் மலிவு, திருகாணியை இறுகப் பற்றும், வெப்பத்தை எளிதில் கடத்தாது.

அலுமினியம் விமானத் தொழிலிலிருந்து வந்தது. 1927-ல் லிண்ட்பர்க் தனியே அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தில் பங்குகொண்ட ஹாலி பௌலஸ், 1934-ல் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த டிரெய்லரை உருவாக்கினார். அவ்வழியில் 1936-ல் வாலி பையம் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வண்டியை வெளியிட்டார். அதன் விலை 1,200 டாலர். தகடும் விலாச் சட்டமும் சேர்ந்தே பளுவைச் சுமந்தன. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் போர் விமானங்களுக்குப் போயிற்று. போருக்குப் பின்னரே டிரெய்லருக்குத் தாராளமாகத் திரும்பியது.

அப்போது பல தொழிலகங்கள் நடுவழி ஒன்றைக் கண்டன. உள்ளே மரச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு. செலவு குறைந்தது, ஆனால் தீங்கு மறைந்து வளர்ந்தது. தகடுகளின் பொருத்துவாயிலும் திருகாணித் துளையிலும் கசிந்த நீர் மரத்தை உளுக்கச் செய்தது. மேலே தகடு பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே உத்தரம் கையால் அழுத்தினாலே நொறுங்கும் நிலையை அடைந்தது. உட்கூரை தொய்ந்த பிறகே உரிமையாளருக்கு உண்மை தெரிந்தது.

அலுமினியச் சட்டம் உளுக்காது; ஆயினும் குறையற்றதன்று. அது மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. குளிர் இரவில், உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த சட்டத்தின்மீது நீராகப் படிந்து சொட்டும். இரும்புடன் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கும். ஓயாத குலுக்கலில் பற்றவைத்த மூட்டுகள் விரிசல் காணவும் கூடும்.

இன்றும் இருவகைச் சட்டங்களும் செய்யப்படுகின்றன. வாங்குவோர் மரமா, உலோகமா என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றனர். நாம் கண்ட வரலாறோ, நீர் எவ்வழியே நுழையும் என்றும் கேட்கச் சொல்கிறது. பொருத்துவாய்களை ஆண்டுதோறும் பார்த்து அடைத்து வந்தால் மரக்கூரையும் நெடுநாள் நிற்கும். பாராமல் விட்டால் அலுமினியக் கூரையின் கீழும் நனையவே நேரும்.