படைக்குச் சோறு சுமந்தவர்கள் ‘குற்றப் பரம்பரை’ ஆனது எப்படி? சித்தூர்க் கணவாய்ப் பாதையும் லம்பாடிகளும்

கர்நாடகப் போர்கள், மைசூர்ப் போர்கள் ஆகியவற்றைப் பாடநூல்களில் படிக்கும் மாணவர் ஒருவருக்குப் போர்க்களங்களின் பெயர்கள் நினைவிலிருக்கும். தளபதிகளின் பெயர்களும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளும் நினைவிலிருக்கும். அந்தப் படைகள் அன்றாடம் எதை உண்டன, அவ்வுணவை யார் சுமந்து வந்தனர் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. சித்தூரிலிருந்து பலமநேருக்கு ஏறும் மொகிலி கணவாய் வழியாக இன்று பெங்களூருக்குப் பேருந்தில் செல்வோர், 18ஆம் நூற்றாண்டின் பெரும்படைகள் ஏறி இறங்கிய பாதை ஒன்றின் மீது செல்கின்றனர். அப்பாதையின் வரலாற்றைச் சுமையெருதுகளை விட்டுவிட்டு எழுத முடியாது. அவ்வெருதுகளை ஓட்டியவர்களுக்குப் பின்னர் நேர்ந்ததை விட்டுவிட்டும் எழுத முடியாது.

வடக்கே பஞ்சாரா என்றும், ஆங்கில ஆவணங்களில் ‘பிரிஞ்சாரி’ என்றும், நம் பகுதியில் லம்பாடி, சுகாலி என்றும் குறிக்கப்படும் மக்களைப் பற்றியது இக்கட்டுரை. அரசுகள் எல்லாம் விரும்பி அழைத்த தானிய வணிகர்கள் இவர்கள். நூறாண்டுகளுக்குள் அதே மக்கள் காவல்துறைப் பதிவேட்டில் ஐயத்துக்குரியவர்களாக மாறினர். இம்மாற்றத்திற்குக் காரணம் அவர்களுடைய இயல்பில் ஏற்பட்ட திரிபன்று. அவர்களைத் தேவையாக்கிய அரசியல் அமைப்பு மறைந்ததே என்பது என் வாதம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஓர் எருது ஏறத்தாழ 100 கிலோ பொதியைச் சுமக்கும் என்று கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு 3 கிலோ கொள்ளு கொடுத்தால், ஒரு மாதத்தில் அது தன் பொதியைத் தானே தின்று தீர்த்துவிடும். இனிப் படையைப் பாருங்கள். அக்காலப் படைகளில் போர்வீரர்களைவிடப் பின்தொடர்வோர் பல மடங்கு அதிகம். ஓட்டுநர், சமையற்காரர், கடைக்காரர், புல்லறுப்போர், குடும்பத்தினர் என ஒரு லட்சம் வாய்கள் என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் நாளொன்றுக்கு 50 டன் வேண்டும். அது 500 எருதுகளின் சுமை. இரண்டு மாதப் படையெடுப்புக்கு 30,000 எருதுகள் தேவை. பீரங்கி இழுக்கும் மாடுகளும் வெடிமருந்து சுமக்கும் மாடுகளும் இக்கணக்கில் அடங்கா. இத்தனை மாடுகளுக்கும் தீவனத்தைச் சுமந்துகொண்டே செல்வது எந்த அரசாலும் இயலாத செயல்.

பஞ்சாராக்களின் முறை இந்தக் கணக்கை வேறு வழியில் தீர்த்தது. அவர்களுடைய எருதுகள் போகும் வழியிலேயே மேய்ந்தன. ஆகவே தீவனச் செலவு இல்லை. அதற்கு விலையாக வேகம் குறைந்தது. 1632இல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி வட இந்தியாவில் 14,000 எருதுகள் கொண்ட ஒரு தண்டாவைக் கண்டதாக எழுதியுள்ளார். அது நாளொன்றுக்கு ஆறேழு மைலுக்கு மேல் நகரவில்லை என்பதும் அவர் குறிப்பு. தாவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகரும் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் எருதுகள் கொண்ட கூட்டங்களைப் பதிவுசெய்துள்ளார். தண்டா என்பது ஒரே சமயத்தில் குடும்பம், ஊர், வணிகக் குழு ஆகிய மூன்றுமாக இருந்தது. அதன் தலைவர் நாயக். பெண்களும் குழந்தைகளும் உடன் வந்தனர். காவலுக்கு ஆயுதமும் நாய்களும் இருந்தன. பொதியிலிருந்த தானியம் அரசனுடையதன்று. பஞ்சாராவின் சொந்த முதலீடு. பாளையத்தின் சந்தையில் அதை அவர் விலைக்கு விற்றார். எனவே படைத்தலைவருக்குக் கொள்முதல் கவலையும் இல்லை, போக்குவரத்துக் கவலையும் இல்லை. நியாயமான விலையும் பாதுகாப்பும் அளித்தால் போதும். தானியம் தானே படையைத் தேடி வந்தது.

இனிச் சித்தூருக்கு வருவோம். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கணவாய்களின் வழியே ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கினார். அவருடைய குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த நாட்டைப் பாழாக்கியது. எதிர்த்து நின்ற ஐர் கூட்டின் படை களத்தில் தோற்கவில்லை. மாடும் அரிசியும் இல்லாமல் முடங்கியது. 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் வென்ற பிறகும் அவரால் ஹைதரைத் துரத்திச் செல்ல இயலவில்லை. அரிசி தேடிச் சித்தூர்ப் பாளையக்காரர்களின் நாட்டுக்குள் படையை நகர்த்த வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் சித்தூர்க் கோட்டை பிடிபட்டதும், பட்டினியில் தவித்த வேலூர்க் கோட்டைக்கு அரிசி அனுப்பப்பட்டதும் இந்தத் தேடலின் பகுதிகளே. 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் சித்தூருக்கருகே நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் இறந்தார். அந்தப் போரின் இரண்டு ஆண்டுகளைச் சோற்றுக்கான போர் என்று படித்தால் அதன் பல நகர்வுகள் தெளிவாகும்.

பத்தாண்டுகள் கழித்து, 1791 பிப்ரவரியில், காரன்வாலிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டார். ஆம்பூர் வழியாக ஏறப்போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூர் வழியாக மொகிலி கணவாயில் ஏறிப் பலமநேரை அடைந்தார். திப்பு சுல்தான் அந்த வழியை எதிர்பார்க்கவில்லை. மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. மே 15 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே நடந்த சண்டையிலும் அவருக்கே வெற்றி. ஆனால் மே மாத இறுதிக்குள் அந்த வெற்றிப் படை தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்தெறிந்துவிட்டுப் பின்வாங்கியது. இழுக்க மாடுகள் இல்லை, உண்ண அரிசி இல்லை. நோயிலும் பட்டினியிலும் மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்திருந்தன. வழியில் எதிர்ப்பட்ட மராத்தியப் படையின் சந்தையில் தானியம் கிடைத்ததனாலேயே கும்பினிப்படை தப்பியது.

கும்பினியின் மாடுகள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வாடகைக்கு வந்தவை. ஓட்டியவருக்கு மாட்டின் மீதோ பொதியின் மீதோ பற்று இருக்கக் காரணமில்லை. மராத்தியப் பாளையத்துக்குத் தானியம் கொண்டுவந்த பஞ்சாராவுக்கோ இரண்டும் தன்னுடையவை. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களில் ஒருவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட். பின்னாளில் பாராமகாலின் ஆட்சியராக விளங்கிய இவர், அப்போது ஆம்பூர் எல்லையில் உளவுப் பணியை நடத்திவந்தார். பஞ்சாரா நாயக்குகளை அழைத்துப் பேசி, அவர்களுடைய எருதுக் கூட்டங்களைக் கும்பினிப்படையின் பக்கம் வரச்செய்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் காரன்வாலிஸ் மீண்டும் நின்றபோது படை பட்டினி கிடக்கவில்லை. பின்னர் மைசூரிலும் தக்காணத்திலும் போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லி, அரிசியும் மாடும் இருந்தால்தான் போர் என்ற பாடத்தை இந்நாட்டிலேயே கற்றார்.

இங்கு ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். பஞ்சாராக்கள் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர். இப்போரில் மராத்தியருடன் சென்ற கும்பினிப் பிரிவில் பணியாற்றிய எட்வர்டு மூர், 1794இல் வெளியிட்ட தம் நூலில் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். இரு தரப்புப் படைகளும் அவர்களைத் துன்புறுத்தாமல் விட்டன என்பது அவர் தரும் சித்திரம். நேற்று ஒருவருக்கு விற்றவர் இன்று அவருடைய பகைவருக்கும் விற்கலாம். அவரைக் கொள்ளையிட்ட தளபதியின் பாளையத்துக்கு அடுத்த முறை எந்தத் தண்டாவும் வராது. இருவருக்கும் அவர் தேவைப்பட்டார் என்பதே அவருக்கிருந்த பாதுகாப்பு. ஷாஜகான் காலத்தில் படைக்குத் தானியம் சுமந்த இரு நாயக்குகளுக்கு நீர், புல், கூரை ஆகியவற்றில் உரிமையும் கொலைக் குற்றத்திலிருந்துகூட விலக்கும் அளித்துச் செப்பேடு வழங்கப்பட்டது என்று பஞ்சாராக்களின் வழிவழிக் கதை கூறுகிறது. அச்செப்பேட்டின் வாசகத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் ஐயமிருக்கலாம். சட்டத்தின் விளிம்பில் நிற்கும் உரிமையை அரசே தந்தது என்ற நினைவை அக்கதை காத்து வந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

கொள்ளை நடக்கவேயில்லை என்று வாதிடுவதற்கில்லை. போர்க்காலத்தில் பகைவர் நாட்டின் கால்நடைகளையும் தானியத்தையும் கவர்ந்தது உண்டு. அதற்குப் படைத்தலைவர்களின் இசைவும் இருந்தது. மைசூர்ப் பகுதியில் வாழ்ந்த அபே துபுவா லம்பாடிகளைத் திருடர் கூட்டமாகவே தீட்டினார். நரபலியிடுவோர் என்ற வதந்தியையும் எழுதி வைத்தார். படை அலுவலரின் குறிப்பில் இன்றியமையாத வணிகர், பாதிரியாரின் குறிப்பில் கொடியவர். இரண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறையின் எழுத்துகள். எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்பதைப் பொறுத்தே சித்திரம் மாறியது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் நாடு கும்பினியின் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சித்தூர்ப் பாளையக்காரர்களின் கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. தென்னாட்டில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் படைகள் இல்லாமல் போயின. இருவருக்கும் பொதுவானவர் என்ற நிலைக்கும் இடமில்லாமல் போயிற்று. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆயிற்று. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பும், உள்நாட்டிலிருந்து தானியமும் பருத்தியும் சுமப்பதே லம்பாடிகளின் அமைதிக்காலத் தொழில். லம்பாடி என்ற பெயரையே ‘லவணம்’ என்ற சொல்லுடன் இணைத்துப் பார்ப்போர் உண்டு. அதன் பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. திருப்பதிக்கருகே ரேணிகுண்டா வழியாகச் செல்லும் பாதை 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் சித்தூருக்கும் பாகாலாவுக்கும் ரயில் வந்துவிட்டது. நாளுக்கு ஆறேழு மைல் நகரும் எருதுக் கூட்டத்துக்கு இனிச் சந்தை இல்லை. காட்டுச் சட்டங்கள் மேய்ச்சல் நிலத்தையும் சுருக்கின.

அதே 1871இல் வட இந்தியாவுக்கான குற்றப் பழங்குடிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டின் புதிய சட்டம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பழைய வடஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் தனி மாவட்டமானதும் அதே 1911 ஏப்ரலில்தான். ஆயுதம் தாங்கி அலைவது, நிலையான முகவரி இல்லாமை, கூட்டமாக நகர்வது, எந்த அதிகாரிக்கும் கட்டுப்படாமை ஆகியவற்றையே காரன்வாலிஸின் படை வேண்டி நின்றது. இப்போது அவை குற்றத்தின் அடையாளங்கள் ஆயின. லம்பாடிகளின் சில பிரிவுகள் பல்வேறு பகுதிகளில் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கழுதைகளிலும் பொதிமாடுகளிலும் உப்பு வணிகம் செய்துவந்த குறவர், எருகுலர் ஆகியோர் நிலை இன்னும் கடுமையானது. அவர்களுக்கெனக் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் புகழ்பெற்றது குண்டூர் மாவட்டத்தில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம். அப்பெயருக்குரிய ஹெரால்டு ஸ்டூவர்ட், வடஆற்காடு மாவட்டக் கையேட்டை 1895இல் திருத்தி வெளியிட்டவரும் ஆவார். மாவட்டத்தின் சாதிகளை வகைப்படுத்திய கையும், மக்களைக் குடியேற்றத்தில் அடைத்த ஆட்சியின் கையும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல.

திருப்பதியில் இம்மக்களைப் பற்றிய வேறொரு நினைவு நிலைத்திருக்கிறது. திருமலையில் ஹாதிராம் பாவாஜியின் பெயரால் விளங்கும் மடத்தின் மகந்துகள் 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகத்தை நடத்தினர். வடநாட்டிலிருந்து வந்த துறவியான பாவாஜி, பெருமாளுடன் சொக்கட்டான் ஆடியவர் என்பது தலத்து மரபு. பஞ்சாராக்கள் அவரைத் தம் இனத்தவராகவே கொண்டாடுகின்றனர். பாலாஜியைத் தம் தெய்வமாக வழிபட்டு, திருமலையிலுள்ள அவருடைய சமாதியையும் வணங்கிச் செல்கின்றனர். பிறப்புரிமை பற்றிய இக்கோரிக்கையை ஆவணத்தால் நிறுவுவது வேறு கேள்வி. மாகாணத்தின் சட்டம் அவர்களைப் பிறவிக் குற்றவாளியாகக் கண்ட அதே ஆண்டுகளில், கடவுளுக்குத் தோழரான ஒருவரைத் தம் முன்னோராக அவர்கள் கண்டனர் என்பது சமூக வரலாற்றுக்கு முக்கியமான சான்று.

சென்னை மாகாணத்தில் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. இதற்கிடையே 1948இல் சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. ஒரு சமூகத்தின் மீதிருந்த ஐயம் தனிமனிதர் மீதான ஐயமாகப் பெயர் மாறியது. இன்று ஆந்திரத்தில் சுகாலி, லம்பாடி மக்கள் பழங்குடியினர். மொகிலி கணவாய்க்கு மேலே கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர். தெற்கே தமிழ்நாட்டில் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் சித்தூர் எல்லையில், பெண் கொடுத்து எடுக்கும் உறவினரிடையே ஒருவருடைய சான்றிதழ் மற்றவருடையதிலிருந்து வேறுபடுகிறது. எல்லை என்ற ஒன்றை மதிக்காத தொழிலைச் செய்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு எல்லைக்கோடே கல்வியையும் வேலையையும் முடிவுசெய்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்யவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லம்பாடிகளைக் காவல்துறை ஆவணங்களிலும் இனவரைவியல் தொகுதிகளிலும் மட்டும் தேடாதீர்கள். அவை அவர்கள் தொழிலை இழந்த பிறகு எழுதப்பட்டவை. கும்பினியின் இராணுவக் கடிதங்களிலும், பாளையச் சந்தைகளின் விலைக் குறிப்புகளிலும், உப்புக் கணக்குகளிலும் தேடுங்கள். அங்கே அவர்கள் விலை பேசும் வணிகர்களாகவும், தளபதிகள் காத்துக்கிடந்த நாயக்குகளாகவும் தென்படுவார்கள். அந்த ஆவணங்களையும் உடன்வைத்துப் படித்தால்தான் ‘குற்றப் பரம்பரை’ என்ற சொல் எந்த ஆண்டில், யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்பது விளங்கும்.