விடைத்தாளில் நன்னூல்: கல்லூரி எழுத்தை மதிப்பிடுதல்

பால் டீடரிக்கும் அவருடைய குழுவினரும் 1961இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கட்டுரை திருத்தும் எவரையும் உறுத்தக்கூடியது. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேர் படித்தனர். அவர்களில் ஆசிரியர்களோடு எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் வணிகத்துறையினரும் இருந்தனர். அளவுகோல் எதுவும் தராமல், கட்டுரைகளை ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஏழு, எட்டு அல்லது ஒன்பது வெவ்வேறு தரங்களைப் பெற்றிருந்தன.

எழுத்தை மதிப்பிடவே முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கருத்து, மொழித்திருத்தம், அமைப்பு, சொல்லாட்சி, தனிநடை ஆகிய ஐந்தில் எதற்கு முதலிடம் என்பதில்தான் அந்த 53 பேரும் பிரிந்தனர். ஒவ்வொருவரும் ஒன்றைத் தேடினர். தேடுவது இன்னதென்று எழுதியவருக்குத் தெரியாது.

நம் கல்லூரிகளில் மொழிப்பாடமான பகுதி 1 தமிழிலும் இதே நிலைதான். அகமதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்னும் பங்கீடு பல இடங்களில் உண்டு. ஆனால் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணைத்தலைப்புகளையும் கருத்துகளையும் எண்ணி மதிப்பெண் இடுகிறோம். வாக்கியம் எப்படி நிற்கிறது என்பதற்கு அங்கே இடமில்லை.

இதற்கான அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துவிட்டார். கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய ஒவ்வொன்றும் மாணவர் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைக்கு இட்ட பெயர். ‘சுமார்’ என்று மட்டும் நாம் எழுதும் குறிப்பைக் கொண்டு அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. பத்துக் குற்றங்கள் யாவை என்று தேர்வில் கேட்கிறோம். அந்த விடையையே அவற்றால் அளந்து பார்த்ததில்லை. அவை நூலுக்குச் சொன்னவை, இலக்கிய நயம் பாராட்டும் கட்டுரைக்கு முழுதும் பொருந்தா என்ற மறுப்பு நியாயமானதே. தனிநடையை இந்தப் பட்டியலால் பிடிக்க முடியாது. ஆயினும் விளங்கு உதாரணத்தை ஓர் அழகாக அவர் வைத்திருப்பது, பாடலிலிருந்து சான்று காட்டு என்று நாம் கேட்பதற்குப் போதுமான அடிப்படை.

அறுபது பேர் வகுப்பில் எல்லாவற்றையும் திருத்த இயலாது. பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது இருமுறை எழுத வைக்கலாம். முதல்முறை மதிப்பெண் இடாமல், ஒரே ஒரு குற்றத்தை மட்டும் ஓரத்தில் குறிக்கலாம்.

குறுந்தொகை 40ஆம் பாடலைப் பற்றி என் மாணவி ஒருவர், “இப்பாடல் காதலின் சிறப்பை மிக அழகாக எடுத்துரைக்கிறது” என்று தொடங்கியிருந்தார். எந்தக் காதல் பாடலுக்கும் பொருந்தும் வாக்கியம். ‘வெற்றெனத் தொடுத்தல், உதாரணம் எங்கே?’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தேன். அடுத்த வாரம் வந்த தாளின் முதல் வரி இது: “முதல் மூன்று அடிகளும் கேள்விகள். தாய்க்கும் தாய்க்கும் உறவில்லை, தந்தைக்கும் தந்தைக்கும் உறவில்லை என்று ஆன பிறகுதான் நான்காம் அடியில் மழை பெய்கிறது.”