சுட்டி விதிகள் பிறந்த வரலாறு

இரண்டின் சுட்டி சுழியமாயின் அதன் பெறுமானம் ஒன்றாகும் எனக் கேட்கும் மாணவர் திகைத்தல் இயல்பே. ஒரு முறையேனும் இரண்டை எடுத்துப் பெருக்காதவிடத்து ஒன்று எங்ஙனம் வந்தது? "அது விதி" எனக் கூறி அமைதல் விடையாகாது. அவ்விதி பிறந்த வரலாறே தக்க விடையாகும்.

எண்ணின் தலைமேற் சிறிய எண்ணைப் பொறிக்கும் வழக்கம் தோன்றுமுன்னர் அடுக்குகள் சொற்களாலேயே வழங்கின. இரண்டாம் அடுக்கு வர்க்கம். மூன்றாம் அடுக்கு கனம். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்கக் கணிதர் தயோபாந்தசு, வர்க்கம் கனம் என்னும் பொருளுடைய இரு சொற்களையும் இணைத்து ஐந்தாம் அடுக்கைக் குறித்தார். வடமொழிக் கணிதரோ கனவர்க்கம் என்பதனால் ஆறாம் அடுக்கைக் குறித்தனர். அது கனத்தின் வர்க்கமாதலின் என்க. ஐந்தாம் அடுக்கைக் கூற வேண்டியவிடத்து, பெருக்கம் எனப் பொருள்படும் 'காதம்' என்னும் சொல்லையுஞ் சேர்த்து 'வர்க்ககனகாதம்' என்றனர். முன்னையதிற் சுட்டிகள் பெருக்கப்படும், பின்னையதிற் கூட்டப்படும். (2³)² = 2⁶ எனவும், 2² × 2³ = 2⁵ எனவும் இன்று எழுதுவன இவையே. மாணவர் பெரிதும் மயங்கும் இவ்விரு விதிகளின் வேறுபாட்டை அவர்கள் ஒரு சொல்லாற் காத்தனர்.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சமண ஆசிரியர் வீரசேனர், ஓரெண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை 'அர்த்தச்சேதம்' என்றார். எட்டுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு, அவற்றின் பெருக்கமாகிய 128க்கு ஏழு. பெருக்கல் கூட்டலாக மாறும் இவ்வுண்மையே பிற்கால மடக்கைக்கும் அடிப்படையாயிற்று.

ஐரோப்பாவிற் பிரான்சு நாட்டுச் சூக்கே 1484இல் எழுதிய நூலிற் சுழியத்தையும் சுட்டியாகக் கொண்டார்; அந்நூல் 1880 வரை அச்சேறவில்லை. செருமானியராகிய ஸ்ரீபெல் 1544இல் 1, 2, 4, 8 என்பவற்றின்மேல் 0, 1, 2, 3 என்பவற்றை நிறுத்தினார். ½, ¼ என்பவற்றின்மேல் –1, –2 என எழுதினார். கீழே வகுத்தல் நிகழுங்கால் மேலே கழித்தல் நிகழ்தலை அவ்வரிசை காட்டும். எட்டை எட்டால் வகுப்பின் ஒன்று; மூன்றில் மூன்று கழியின் சுழியம். ஆகவே 2⁰ = 1 என்பது எவரும் இட்ட கட்டளையன்று; வகுத்தல் விதி முறியாது நிற்கவேண்டின் வேறு பெறுமானம் அதற்கு இயலாது. 1637இல் தேக்காட்டு இன்றைய குறியீட்டை நிலைபெறச் செய்தார். பின்னர் வாலிசும் நியூற்றனும் பின்னச் சுட்டிகளையும் அவ்விதிகளுக்குள் அடக்கினர்.

இக்கணிதம் ஈழத்துத் தமிழர்க்குப் புதியதன்று. 1823இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய அவர், அச்செமினரி மூடப்பெற்ற 1855ஆம் ஆண்டிலேயே 'வீசகணிதம்' என்னும் தமிழ் நூலை வெளியிட்டார்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று தமிழிற் கணிதம் பயிலும் மாணவர் அம்மரபின் வழித்தோன்றல்களே. விதியை மனனஞ் செய்தோன் அதனை மறப்பின் வறியனாவான். அது பிறந்த வழியை அறிந்தோன் மறப்பினும் மீண்டும் ஆக்கிக்கொள்வான்.